தோணிக்குப் போட்ட சரிவு

வெளிநாட்டில் நான் முதன்முதலாக இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது ஓர் உப்பளத்தை. இதைக் கேட்டால் அம்மா சிரித்துவிடுவாள். தூத்துக்குடி உப்பளத்தில் அவளும் அப்பாவும் உப்பு வாரித்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பையன் உப்பை விட்டு எங்காவது தூரமாகப் போகட்டும் என்று நினைத்தார்கள். நானும் கடல் தாண்டி வந்தேன். புத்தளத்திலிருந்து கற்பிட்டி போகும் பஸ், பாலாவி உப்பளத்துக்கு எதிரே புகைவிட்டு நின்றது. வெள்ளை வெள்ளையாக அதே குவியல்கள், அதே கண்கூச்சம்.

கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. மடியில் பலாப்பழம் வைத்திருந்த ஒரு பெரியவர் எனக்குத் தமிழில் சொன்னார். "எஞ்சினுக்குத் தண்ணி ஓணுமாம். கண்ணுக்கெட்டின தூரம் தண்ணிதான், ஆனா எங்கட பஸ் உப்புத்தண்ணி குடிக்காது, அதுக்கு பிரஷர் எண்டு சொல்றான்."

நான் வேலை பார்ப்பது ஊரில் ஒரு சின்ன மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில். நுரைச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்களைப் போலவே கையில் காசில்லாத ஒரு சங்கம் இருக்கிறது, ஆனால் காரியம் சாதிக்கிறார்கள், ஒரு வாரம் கூட இருந்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் போய் இறங்கினேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்று இவர்கள் சொல்லும் காயல், நடுவில் தென்னையும் மணலுமாக ஒடுங்கிய நிலம். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. எங்கே திரும்பினாலும் அது நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சங்கத்தின் செயலாளர் நஸீரா ராத்தா ரோட்டோரம் காத்திருந்தார். இங்கே அக்காவுக்கு ராத்தா, அண்ணனுக்கு நானா. நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர், தையல்காரர். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் குட்டிச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரில் வந்திருந்தார். "பேக்க முன்னால வைங்க தம்பி. நீங்க பின்னால நடந்து வாங்க, கிட்டத்தான்" என்றார். அந்தக் 'கிட்டத்தான்' தென்னந்தோப்பு ஒன்றையும் வெங்காயத் தோட்டம் ஒன்றையும் தாண்டிப் போனது. நடுவில் ஸ்கூட்டர் மணலில் புதைந்தது. நான் ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்தேன்.

"கேட்டுட்டுப் புடிக்கோணும்" என்றார் திரும்பாமலே.

கையை எடுத்துவிட்டேன். அவர் கொஞ்சம் பின்னால் எடுத்து, கைப்பிடியை வளைத்து, மறுபடி முறுக்கினார். வண்டி ஏறவில்லை. "இப்பக் கேளுங்க" என்றார். கேட்டேன். "ஓம், தள்ளுங்க" என்றார். அந்த வாரத்தின் முதல் பாடம் மணலிலேயே முடிந்தது.

சங்கத்துக்குச் சொந்தமாக இருப்பது பள்ளிவாசலை ஒட்டிய ஒரு தகரக் கொட்டில்தான். அதன் மூலையில் இருந்த அறையில் எனக்குப் பாய் போட்டிருந்தார்கள். கொட்டிலில் ஊன்றுகோல்களும் நடைச்சட்டங்களும் ஆணியில் தொங்கின. யாருக்குக் காலில் அடிபட்டாலும் இங்கே வந்து எடுத்துப்போவார்கள், தேறியதும் கொண்டுவந்து மாட்டுவார்கள். உப்புக் காற்றில் சக்கரக் கதிரைகளின் பேரிங் துருவேறி இறுகிவிடும் என்பதால் மாதம் ஒருநாள் எல்லாக் கதிரைகளும் இங்கே வரும். போட் எஞ்சினுக்குப் போடும் கிரீஸை வாங்கி அப்புவார்கள். எங்கள் ஊரில் இப்படித் துருவேறிய நாற்காலிகள் ஆட்டுக்கொட்டகையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் சில ஆணிகள், ஒரு கிரீஸ் டப்பா, நாலு பேருடைய பொறுப்பு. இவ்வளவு போதுமென்று எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள். பாணைப் பிய்த்துத் தொட்டுத் தின்னப் பழகிக்கொண்டிருக்கும்போதே, "இண்டைக்கு ஒரு முக்கியமான வேல இரிக்கு. மஹ்ரூப் நானாட சரிவப் பாக்கப் போறம்" என்று நஸீரா ராத்தா சொன்னார்.

மஹ்ரூப் நானா தேங்காய் பறிக்கும் தொழிலாளியாக இருந்தவர். தொண்ணூறில் போரின் நடுவே மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு வந்தபோது சின்னப் பிள்ளை. பெரியவனானதும் இங்குள்ள தென்னைகளில் ஏறினார். ஒருநாள் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பழையபடி சம்பாதிக்கிறார், இப்போது வலை பின்னி. அவருடைய ஒரே மகள் சுஹைனாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். இந்த ஊர் வழக்கப்படி அது பள்ளிவாசலில் நடக்கும். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பள்ளிக்குள் போகப் பெரிய படிக்கட்டு. மஹ்ரூப் நானா சொல்லிவிட்டார்: நானாகப் போவேன், யாரும் என்னைத் தூக்கக் கூடாது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். நஸீரா ராத்தாதான் மறுத்திருக்கிறார். "வீட்டுல வெச்சா நிக்காஹ் நடக்கும். படி அப்பிடியே நிக்கும்."

பள்ளி நிர்வாகத் தலைவர் ஹாஜியார். கரையில் கிடக்கும் போட்களில் பாதி அவருடையவை. கதிரை ஏற ஒரு சரிவு வேண்டுமென்று சங்கம் போய்க் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டாராம். "ஒரு சரிவுதானே, என்ட ஆக்கள் கட்டித் தருவாங்க" என்று சொல்லி, சீமெந்தும் கொடுத்து, தன் மீனவர்களையே இறக்கிக் கட்டவும் வைத்துவிட்டார். அதைத்தான் பார்க்கப் போனோம்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். கட்டியவர்கள் மாப்பிள்ளைத் தோழர்கள் போலப் பெருமையோடு நின்றார்கள். நானும் பார்த்தேன். படிக்கட்டின் மேலேயே பூசி ஏற்றியிருந்த சரிவு செங்குத்தாக நின்றது. காலை ஊன்றி இழுப்பதற்கு வசதியாகக் குறுக்கே வரிவரியாகச் சீமெந்து மேடுகள். உச்சியில், பள்ளி வாசலுக்குப் பக்கத்தில், கயிறு கோக்க ஓர் இரும்பு வளையம். கயிற்றையும் கொண்டுவந்திருந்தார்கள்.

கடலிலிருந்து தோணியைக் கரைக்கு இழுக்க அவர்கள் தினமும் பயன்படுத்தும் அதே சரிவை, அதைவிட நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். ஏற்றுவதென்றால் அவர்களுக்கு இதுதான். ஒரு வஞ்சகமும் இல்லை.

மஹ்ரூப் நானா கதிரையை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "ஹாஜியார், இது எனக்குக் கட்டினதா, ஒங்கட போட்டுக்குக் கட்டினதா?"

எல்லாரும் சிரித்தார்கள். கயிறு வைத்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே இழுவதான் நானா. நாங்க ஆறு பேர் இரிக்கம். நீங்க சும்மா இரிந்தாப் போதும்."

"சும்மா இரிக்கிறதுதான் எனக்கு ஏலாது மச்சான்."

அவர் தானே தள்ளிப் பார்த்தார். முதல் வரியில் கதிரை இடித்து ஏறியது. இரண்டாவது வரியில் முன்சில்லுகள் அந்தரத்தில் எழும்பின. கதிரை பின்னால் சாய, ஆறு பேரும் பாய்ந்து பிடித்தார்கள். கீழே இறக்கி விட்டதும் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கதிரையைத் திருப்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

சாரத்தை அவர் அப்படிப் பற்றியது எதற்கு என்று பிறகு தெரிந்தது. விழுந்து கொஞ்ச காலத்தில் ஒரு பெருநாளன்று அவரைப் பள்ளிக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தூக்கியவர்களின் பிடியில் சாரம் தொடைக்கு மேலே ஏறிவிட்டது. இரண்டு கையும் இரண்டு பேர் தோளில், இழுத்துவிட வழியில்லை. தொழ வந்த ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குப் பிறகு அவர் பள்ளிக்குள் போகவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். கருவாட்டுக் குழம்பு மணத்தது. நாங்கள் போகும்போது அவருடைய தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வாப்பா வர முடியாவிட்டால் வேறொருவரைத் தன் சார்பில் பொறுப்பாக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு, மௌலவியிடமும் கேட்டாயிற்று என்று தம்பி மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"அப்ப நீயே பொறுப்பெடு" என்றார் மஹ்ரூப் நானா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன விட்டுருங்க. நான் வீட்டுல இரிந்து துஆ செய்றன்."

திரைக்குப் பின்னாலிருந்து சுஹைனாவின் குரல் வந்தது. "சாச்சா, கோவிச்சுக்காதீங்க. வாப்பா இரிக்கும்போது நீங்க என்னக் குடுக்கத் தேவல்ல. ஞாயிற்றுக்கிழம இல்லாட்டி இன்னொரு ஞாயிற்றுக்கிழம."

"மாப்பிள்ள வீட்டார் என்ன சொல்லுவாங்க மகள்?" என்றார் தம்பி.

"அவருக்கிட்ட நான் ஏற்கெனவே சொல்லிட்டன்."

"எப்ப கதச்ச?" என்று அந்தச் சித்தப்பா திடுக்கிட, திரைக்குப் பின்னால் பெண்களின் சிரிப்பு. மஹ்ரூப் நானாவின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது. ஊசியைக் கீழே வைத்தார். "தொண்ணூறில மன்னாரில இருந்து போட்டுல வந்தம். இந்தக் கரையில என்னத் தூக்கித்தான் இறக்கினாங்க" என்று என்னிடம் சொன்னார். "அதோட போதும் தம்பி."

செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததுதான் இந்தச் சங்கத்தின் வித்தை. எங்கள் ஊரில் ஒரு குறை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு எழுதி வரிசையில் நிற்போம். இவர்களுக்கு வேறு முறை. சங்கத்தில் யாரால் எந்த இடத்துக்குள் போக முடியவில்லையோ, அந்த இடத்துக்கு வெளியேதான் அடுத்த கூட்டம். தபால் கந்தோர் படிக்குக் கீழே கூடியிருக்கிறார்கள், கிராம சேவகரின் வாசலில் கூடியிருக்கிறார்கள். கோஷம் போட மாட்டார்கள், வழி மறிக்க மாட்டார்கள். ஒரு பெரிய கேத்தலில் பிளேன்டீ கொண்டுவருவார்கள், சில பிளாஸ்டிக் கதிரைகள் போடுவார்கள். யார் வந்தாலும் டீ உண்டு. ஆனால் உட்கார்ந்து பேச வேண்டும். நிமிர்ந்து நின்று கீழே பார்த்துப் பேசுகிறவருக்கு டீ கிடையாது. இது சட்டம்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் பள்ளிப் படிக்கட்டுக்குக் கீழே, வேப்ப மர நிழலில் கூட்டம் தொடங்கியது. தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் நின்றபடியே பேசத் தொடங்கினார். நஸீரா ராத்தா கேத்தலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹாஜியார் அதைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், உட்கார்ந்தார். டீ வந்தது.

"நான் என்ன, ஏலாதெண்டா சொன்னன்? கட்டித் தந்தன்தானே. செங்குத்து கொறையோணுமெண்டா நீளமா இழுக்கோணும். நீளமா இழுத்தா ரோட்டுக்குப் போயிரும். லொறி வந்து இடிக்கும்."

படித்தவன் என்ற முறையில் நானும் வாயைத் திறந்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று கணக்குச் சொன்னேன். கணக்கு சரிதான். ஆனால் அதைக் கேட்டதும் எல்லாரும் ரோட்டையே பார்த்தார்கள். ஹாஜியார் சொன்னது இன்னும் உறுதியானதுதான் மிச்சம்.

பக்கத்திலிருந்த மௌலவி இன்னொன்றும் சொன்னார். இளைஞர், மென்மையாகப் பேசுகிறவர். "இன்னொரு பிரச்சினையும் இரிக்கு. ரோட்டு மண்ணோட சில்லு தொழுற இடத்துக்கு வரேலாதே. சுத்தம் பாக்கோணும்."

மஹ்ரூப் நானா அதுவரை டீயை உறிஞ்சிக்கொண்டு இருந்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஹாஜியார், நீங்க இந்த முன்படியால எத்தின தரம் உள்ள போயிருப்பீங்க?"

"நான் வுழூ எடுக்கிற பக்கத்தால போவன்."

"மௌலவி?"

"நானும் அதாலதான்."

"அப்ப என்ன மட்டும் ஏன் முன்வாசலால ஏத்துறீங்க? நான் என்ன, மந்திரியா?"

முதலில் சிரித்தது கயிற்றுக்காரர்தான். எல்லாரும் எழுந்து பக்கவாட்டுக்குப் போனோம். அங்கே நீண்ட மதில். அதை ஒட்டி வுழூ எடுக்க, அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவ, குழாய் வரிசை. குழாய் வரிசை முடியும் இடத்தில் விறாந்தைக்கு ஏறும் இரண்டு படிகள். மதிலோரமாக வெறும் நிலம் நீளமாகக் கிடந்தது, மரக்குற்றிகளும் உடைந்த மண்சட்டிகளுமாக. சரிவு இந்த வழியாக வந்தால் ரோட்டைத் தொடாது. வழியிலேயே குழாய் வருவதால் சில்லையும் கழுவிக்கொள்ளலாம்.

"மௌலவி, என்ட சில்லும் வுழூ எடுக்கட்டும், சரியா?" என்றார் மஹ்ரூப் நானா.

"சேறு போனாப் போதும். மனசுல நிய்யத்து வெக்கிறது அதுக்குத் தேவல்ல" என்றார் மௌலவி. ஹாஜியார் இருமி இருமிச் சிரித்தார்.

புதன்கிழமை கட்டினார்கள், அதே ஆறு மீனவர்கள். ஆனால் இந்த முறை சீமெந்தைத் தொடும் முன்னால் தோணிப் பலகைகளைக் கல்லின் மேல் அடுக்கி, மஹ்ரூப் நானாவை ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். "கூடிப்போச்சு" என்றால் ஒரு கல்லை எடுத்தார்கள். அவர் கை ஓய்ந்து மூச்சு வாங்கிய இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டார்கள். அங்கே இளைப்பாறச் சமதரை. நானும் மண் சுமந்தேன், உள்ளங்கை எரிந்தது. இத்தனை வருடம் படித்ததில் கைக்கு இந்தப் பழக்கம் போய்விட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. மதியம் மீன் ஆணமும் சோறும் வந்தன. தேங்காய்ப்பாலில் அவ்வளவு மஞ்சள் போட்ட குழம்பை நான் தின்றதில்லை. மூன்று தரம் கேட்டு வாங்கினேன்.

வியாழன் காலையில் நஸீரா ராத்தா கூப்பிட்ட குரலில் எழுந்து ஓடினேன். ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்த சரிவின் மேல் ஒரு கழுதை நடந்து போயிருந்தது. இந்தப் பக்கத்தில் ஊர்க்கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் ரோட்டில் திரிகின்றன. பஸ்ஸுக்கும் வழி விடுவதில்லை. சாக்கை இழுத்துத் தள்ளிவிட்டு, கீழிருந்து மேல்வரை, சமதரையில் கூடக் கொஞ்சம் நின்று, குளம்புகளைப் பதித்துவிட்டுப் போயிருந்தது.

"மொத ஆளா அது ஏறிட்டுது" என்று தலையில் கை வைத்தார் கயிற்றுக்காரர். உடைத்து மறுபடி பூச நேரமில்லை. மஹ்ரூப் நானா வந்து குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "இரிக்கட்டும். மழையில வழுக்காது."

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நிக்காஹ். என்னையும் விறாந்தையில் உட்காரவைத்தார்கள். தலைக்கு ஒரு தொப்பியும் கிடைத்தது. மஹ்ரூப் நானா வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமுமாக மதிலோரம் வந்தார். குழாயருகில் கதிரையை நிறுத்தி வுழூ எடுத்தார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைச் சில்லுகளில் ஊற்றி, துணியால் துடைத்தார். எல்லாரும் செய்வதைச் செய்கிற நிதானம். ஆறு மீனவர்களும் இரு பக்கமும் நின்றார்கள். தொட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார்கள். அவர் சமதரையில் கதிரையை நிறுத்தி மூச்சு வாங்கியபோது ஹாஜியாரின் உடம்பே முன்னால் சாய்ந்தது, கயிறு பிடித்தவரைப் போல. ஆனால் கை வரவில்லை. கதிரை கடைசி ஏற்றத்தில் ஏறி விறாந்தைக்குள் வந்தது. யாரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

உள்ளே பாயில் எல்லாரும் தரையில் இருந்தார்கள். அவர் கதிரையில் உயரத்தில் இருந்தார். கையைப் பிடிக்க எட்டாதே என்று மௌலவி யோசிப்பதற்குள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் அந்த மாப்பிள்ளைப் பையன் எழுந்தான். "எனக்கும் ஒரு கதிர தாங்க" என்றான். கொட்டிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரை வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மஹ்ரூப் நானா அவன் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். விறாந்தை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வெளியே மதிலுக்கு அப்பால் ஸ்கூட்டரில் இருந்த நஸீரா ராத்தாவுக்கும் கேட்டதாம். அவர்தான் போனில் சுஹைனாவுக்கு முதலில் சொன்னார்.

சாப்பாடு சஹனில். பெரிய தட்டொன்றைச் சுற்றி ஆறு பேர் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். மஹ்ரூப் நானாவின் சஹனை மட்டும் மீன் ஐஸ் பெட்டியின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், சுற்றிலும் ஐந்து கதிரைகள். அதில் ஒன்று எனக்கு. கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வந்தபோது ஹாஜியார் என் காதருகில் குனிந்தார். "அடுத்த கூட்டம் எங்க எண்டு ராத்தாக்கிட்ட மெதுவாக் கேளுங்க தம்பி. என்ட கடை வாசல்லயும் ரெண்டு படி இரிக்கு."

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதே விழித்துவிட்டேன். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கொட்டிலுக்கு வெளியே மதிலோரம் ஒரு சத்தம் வந்தது. குழாய்த் தண்ணீர் ஓடி நின்றது. பிறகு தடக், தடக் என்று கழுதைக் குளம்புகளின் மேல் சில்லு ஏறும் சத்தம். நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. சமதரை. மறுபடி தடக், தடக்.

எட்டிப் பார்த்தேன். விறாந்தை விளக்கில், வேலைக்குப் போகும் சாரத்தோடு, மஹ்ரூப் நானா உள்ளே போய் வரிசையின் ஓரத்தில் கதிரையை நிறுத்தினார். பக்கத்திலிருந்தவர் இடம் கொடுக்கக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். மற்றபடி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.